கருப்பணாரோடு பேச்சுவார்த்தை இல்லை

மோகனூர்ச் சாலையில் கரும்புக் காடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மண்பாதை ஒன்று பிரிந்து போகும். அதன் முடிவில், வேப்ப மரங்களுக்குக் கீழே, என் அக்காவைக் கட்டிய மச்சான் வீட்டுப் பங்காளிகளின் குலசாமியான கருப்பணார் கையில் அரிவாளோடு நிற்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த பெரிய மண்குதிரைகள். சாலையிலிருந்து பார்த்தால் குதிரைகளின் தலை மட்டும் தெரியும். என் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், பிரிவு வருவதற்குச் சற்று முன்பே அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்வார். பேசிக்கொண்டிருந்த பேச்சு மட்டும் நிற்காது. மாட்டுத் தீவனம் விலையேறியதைச் சொல்லிக்கொண்டிருந்தால் அதையே தொடர்ந்து சொல்வார். குதிரைத் தலைகள் பின்னால் போன பிறகு கண்ணாடி இறங்கும். வரப்புத் தகராறில் உறவு அறுந்துபோன பங்காளியின் வீட்டை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கடப்பார்கள். ஓட மாட்டார்கள், பதுங்க மாட்டார்கள், அப்படியொரு வீடே அங்கே இல்லை என்பதுபோல் நடந்து போவார்கள். என் அக்கா ஒரு தெய்வத்தை அப்படிக் கடந்துகொண்டிருந்தார்.

நான் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் படித்தது தத்துவம். தத்துவம் படித்தவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காததால் தேர்வெழுதி வருவாய்த் துறைக்கு வந்தேன். இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. அங்கே உலகம் இருக்கிறதா என்று கேட்பார்கள், இங்கே உலகத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்போம். எங்கள் துறையில் 'ஒரே நபர் சான்று' என்று ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் பழனியப்பன், பட்டாவில் பழனிச்சாமி, ரேஷன் அட்டையில் வெறும் பழனி என்று இருப்பவர் மூன்று பேர் இல்லை, ஒருவரேதான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டும், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு தான் யார் என்பது அந்த மனிதருக்கே உறுதியாகும். இப்படிப்பட்ட சான்றுகளில் கையெழுத்துப் போட்டே என் பேனா தேய்ந்தது. தெய்வங்களைப் பற்றிய என் கருத்தும் ஏறக்குறைய இதே படிவத்தில்தான் இருந்தது. மாரி, காளி, முருகன், கருப்பன் எல்லாம் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வைத்த பெயர்கள். பெயருக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான், அதற்கு முகமும் இல்லை, அரிவாளும் இல்லை. விசாரணை எதுவும் இல்லாமலே இந்தச் சான்றை நான் இளம் வயதிலேயே வழங்கிவிட்டிருந்தேன்.

அக்காவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ரிக் வண்டியில் மேனேஜராக இருந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் வடக்கே போய் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, மழை பிடித்துக்கொண்டதும் ஊருக்குத் திரும்பும். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வண்டியைக் கருப்பணார் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். வழிக்குத் துணை வருவது கருப்பணாரின் பொறுப்பு. அவன் கடைசியாகப் புறப்பட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கருப்பணாரின் கல் பாதத்தில் வைத்தார்.

"என்ற பையன உன்ற கையில குடுக்கறேன் சாமி. நீதான் பத்தரமாக் கூட்டியாந்து உடோணும்."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். வண்டியில் ஏறியிருந்த ஆட்கள், "மேனேஜர ஸ்கூல்ல சேக்கறாங்கப்பா" என்று கிண்டல் செய்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. அவன் திரும்பியது ஆம்புலன்ஸில். மலைப்பாதை ஒன்றில் வண்டி கவிழ்ந்தது, மற்றவர்கள் கை கால் முறிவோடு பிழைத்தார்கள், இவன் ஒருவன் போய்விட்டான். கருமாதி முடிந்து சில மாதம் கழித்துக் கோயில் பொங்கலுக்குக் கூப்பிடப் பங்காளிகள் வந்தார்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், உட்காரச் சொன்னார், பிறகு சொன்னார்: "மத்தவீங்க போயிட்டு வரட்டுமுங்க. அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க."

நாத்திகம் பேசுகிறவர்களுக்கு என் அக்காவால் ஒரு பிரயோசனமும் இல்லை. கருப்பணார் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறார், ஒப்புக்கொண்டார், வாக்கைக் காப்பாற்றவில்லை, அதுதான் வழக்கு. பங்காளிகளில் வயதான ஒருவர் கருப்பணாருக்காக வாதாடிப் பார்த்தார். "அவரு எல்லைச் சாமியம்மா. அது நடந்தது எங்கயோ வடக்க. அவரு எல்லைக்குள்ள நடந்திருந்தா உட்டிருப்பாரா?" ஆள்வரை, அதிகார எல்லை என்று காலம் தள்ளிய எனக்கு இந்த வாதம் மிகவும் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லை தாண்ட முடியாதவன் எதுக்குங்க ஒத்துக்கிட்டான்? நம்மால ஆகாது, வேற ஆளப் பாருன்னு அன்னைக்கே சொல்லியிருக்கோணும்." பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மச்சான் அதிகம் பேசாதவர். அந்த வருடத்திலிருந்து அவர் மட்டும் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார்.

ஒரு சாமியோடு பேச்சு முறிந்தாலும் அக்காவின் பக்தி குறையவில்லை. அது இடம் மாறிக்கொண்டது. எங்கள் பிறந்த ஊரில், ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில், செல்லாண்டியம்மன் இருக்கிறாள். முறைப்படி பார்த்தால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலசாமிதான் குலசாமி, பிறந்த வீட்டுச் சாமி தாய் வீட்டைப் போல வந்துபோகிற இடம் மட்டுமே. அக்கா அந்த முறையை அப்படியே ஏற்றுக்கொண்டு நடந்தார். கட்டிக்கொடுத்த வீட்டில் கொடுமை நடந்தால் பெண் எங்கே போவாள்? தாய் வீட்டுக்கு. அங்கே என்ன செய்வாள்? மாமியார் வீட்டைப் பற்றி முறையிடுவாள். செல்லாண்டியம்மன் முன்னால் நின்று அக்கா அதைத்தான் செய்தார். நான் பக்கத்தில் நிற்பதைப் பொருட்படுத்தாமல் சத்தமாகவே பேசுவார். "ஆத்தா, நீயும் அவனும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறவீங்கதான? பாத்தா கேளு. என்ற வயித்துல பொறந்தவன என்ன பண்ணுனான்னு கேளு."

இந்த முறையீட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என் படிப்பு விடவில்லை. ஒருநாள் திரும்பி வரும் வழியில் காரில் ஆரம்பித்தேன்.

"அக்கா, செல்லாண்டியம்மனும் கருப்பணாரும் ஒன்னுதானுங்க. கரண்ட் ஒன்னுதான், பல்புதான் வேற வேற."

"ரெண்டு பல்புலயும் கை வெச்சா ஷாக் அடிக்குமா?"

"அடிக்குங்க."

"அப்ப நான் எங்கயும் கை வெக்கக் கூடாதுங்கற."

நான் கியரை மாற்றினேன். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மறுபடியும் பேசினார். இப்போது குரலில் கேலி இல்லை.

"அவனும் இவளும் ஒன்னுன்னா, என்ற பையனக் கை உட்டது இவளுமா? ஒருத்தன் மேல இருக்கற கோவத்த எல்லார் மேலயும் வெக்கச் சொல்றியா தம்பி? அப்பறம் நான் ஆருகிட்டப் போயி அழுவறது?"

அரசு அலுவலருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தன் உத்தரவு நிற்காது என்று தெரிந்தால் அதைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்வார். நானும் பெற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லாம் ஒன்று என்னும் கருத்து மனதுக்கு அமைதி தரும் என்றுதான் புத்தகங்களில் படித்திருந்தேன். ஒன்றாக இருந்தால் குற்றமும் ஒன்றாகிவிடும், ஒதுங்கிக்கொள்ளக்கூட இன்னொரு வாசல் இருக்காது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. பலர் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவரிடம் போய் அவரைப் பற்றிப் புகார் சொல்லலாம். இது தர்க்கத்தில் தேறாது என்பது எனக்குத் தெரியும். என் அக்கா உயிரோடு நடமாடியது இந்தத் தேறாத ஏற்பாட்டை வைத்துத்தான் என்பதும் தெரியும்.

வருடங்கள் போயின. இளையவன் ரிக் பக்கமே போகாமல் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டான். கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒரு வயது நெருங்கும்போதுதான் அவன் தன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னான். குழந்தை பிறந்தால் கருப்பணார் கோயிலில் முதல் முடி இறக்கிக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். அக்கா திட்டவில்லை. தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் எனக்குப் போன் செய்தான். "மாமா, நீங்க வந்து பேசோணுங்க. சட்டதிட்டமெல்லாந் தெரிஞ்சவீங்க நீங்கதான்." அவனுடைய சிக்கல் இது. அந்தக் கோயிலில் வீட்டுக்கு மூத்த பெண்தான் அடுப்பில் பொங்கல் பானையை ஏற்ற வேண்டும். மூத்தவள் உயிரோடு இருக்கும்போது இளையவள் ஏற்றினால் அந்தப் பொங்கலைச் சாமி ஏற்றுக்கொள்ளாது. அக்கா வராவிட்டால் வேண்டுதல் நிறைவேறாது. வேண்டுதல் நிறைவேறாமல் அந்தக் குழந்தையை வளர்க்க அவனுக்குப் பயம். அக்காவுக்கு அதற்கு நேர் எதிரான பயம்.

நான் போய் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, இரு தரப்பையும் கேட்டேன். பிறகு என் சமரசத் திட்டத்தை முன்வைத்தேன். செல்லாண்டியம்மன் கோயிலிலேயே முடியை இறக்கிவிடலாம். முடி முடிதான், போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். அவன் உண்மையைச் சொன்ன பிறகு அம்மாவும் பையனும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னுங்க மாமா, பொண்ணு கேட்டது ஒரு ஊட்டுல, தாலி கட்டறது இன்னொரு ஊட்டுலயா?" என்றான் மருமகன்.

"உன்ற மாமனுக்குப் பென்சன் வந்தும் புத்தி வரல" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் ஒருத்தர்னு எழுதிக் குடுக்கறயே, அவங்க ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிட்டு விசாரிச்சியா?"

மருமகன் சிரித்துவிட்டான். சமரசம் பேசப் போனவன் எதிராளிகளை எனக்கு எதிராக ஒன்று சேர்த்த வகையில் என் பணி பாதி வெற்றி. சிரிப்பு அடங்கியதும் அக்கா மடியில் கிடந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மூத்தவன அவங்கையில நாந்தான் குடுத்தேன். இப்ப இவன், இந்தப் பிள்ளையக் கொண்டுபோயி அவங்கையில குடுக்கறேங்கறான். ரெண்டாவது தடவையும் நானே அடுப்புப் பத்த வெக்கோணுமா?"

மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது என் மகளின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத என் சித்தப்பா ஒருவர் அன்று வந்திருந்தார். முறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தியில் உட்காரவில்லை, வாசலோடு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். சண்டை சண்டையாக இருக்கும், முறை முறையாக நடக்கும். ஒன்று மற்றொன்றைத் தீர்க்காது. இதை நினைவூட்டி, "அப்பிடி வாங்களேங்க்கா. மொறைக்கு மட்டும்" என்றேன். வாழ்நாள் முழுவதும் நான் சொன்ன நடைமுறைகளில் அக்கா மறுக்காமல் யோசித்தது இது ஒன்றைத்தான்.

"வாரேன்" என்றார் கடைசியில். "பானை வெப்பேன். அவங்கிட்டப் பேச மாட்டேன். திருநீறு வாங்க மாட்டேன். அவன் ஊட்டுச் சோறு திங்க மாட்டேன்."

பொங்கல் நாளன்று அவர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றினார். கூட்டிவைத்த கற்களுக்கு முன்னால் கருப்பணாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சள் கொத்துக் கட்டிய பானையை ஏற்றினார். பானை பொங்கியபோது எல்லோரும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள், அவர் விறகை இழுத்துத் தீயைத் தணித்துக்கொண்டிருந்தார். பிறகு தள்ளிப்போய் வேப்ப மரத்தடியில் அமர்ந்துகொண்டார். குழந்தையை மடியில் வைத்தபடி அதன் தாய்மாமனும், கத்தியைத் தீட்டியபடி முடி இறக்குகிறவரும் காத்திருந்தார்கள். அங்கே வழக்கம் அப்படி. முதலில் கிடா துளுக்க வேண்டும். மாலை போட்ட கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் அது உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், அதைத்தான் துளுக்குவது என்பார்கள். அது சாமி கொடுக்கும் உத்தரவு. அதற்குப் பிறகுதான் வெட்டு, அதற்குப் பிறகுதான் மொட்டை. உத்தரவு இல்லாமல் ஒன்றும் நகராது என்ற வகையில் எனக்கு மிகவும் பழக்கமான இடம்தான்.

தண்ணீரை ஊற்றினார்கள். கறுத்த, நல்ல வாட்டசாட்டமான கிடா. அது அசையாமல் நின்று கழுத்து மாலையிலிருந்த செவ்வந்திப் பூவைத் தின்றது. மறுபடி ஊற்றினார்கள். பூ தீர்ந்துபோனது, கிடா துளுக்கவில்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கை வலித்துப் போனை இறக்கினார்கள். "காதுல கொஞ்சம் உடுங்கப்பா, தன்னால உதறும்" என்றார் ஒருவர். பூசாரி முறைத்தார். "அது திருட்டு வேலைங்க. அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாரு." இன்னொரு குடம் தண்ணீர் போயிற்று. மருமகனின் மனைவி குழந்தையைத் தன் அண்ணன் மடியிலிருந்து எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பூசாரி பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஊட்டுல ஆருக்கோ மனக்கொறை இருக்குதுங்க. உள்ளயே வெச்சிருக்கக் கூடாது. வாயத் தொறந்து சொல்லிப்போடோணும்."

யாரும் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் சிரமப்பட்டது தெரிந்தது.

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கூட்டம் விலகிய வழியில் நடந்துபோய்க் கருப்பணாருக்கு நேர் எதிரே நின்றார். கும்பிடவில்லை. நிமிர்ந்து அந்தக் கல்முகத்தைப் பார்த்தார்.

"பேசக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆட்ட நிக்க வெச்சு என்னப் பேச வெக்கற. உனக்கு அவ்வளவு வீம்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ற பையன எங்கடா உட்ட?"

கிடா துளுக்கியது. கழுத்திலிருந்து வால்வரை ஒரே உதறலாக உதறியதில் முன்னால் நின்றவர்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. "துளுக்கிருச்சு! துளுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. மேளக்காரர் மேளத்தைத் தூக்கினார், அரிவாளோடு நின்றவர் முன்னால் வந்தார். அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"நிறுத்துங்க. நான் இன்னும் முடிக்கல."

நின்றார்கள். உத்தரவு கொடுத்துவிட்ட சாமியும் சேர்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா அடுத்த வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்பதுபோல், குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போனார். மூத்தவன் பசி தாங்க மாட்டான் என்பதைச் சொன்னார். சின்ன வயதில் இதே குதிரை மேல் ஏறி விழுந்து நெற்றியில் தழும்பு வாங்கியவன் அவன், அவனை உனக்கு அடையாளம் தெரியாதா என்று கேட்டார். பிறகு நாங்கள் யாரும் அதுவரை அறியாத ஒன்றைச் சொன்னார்.

"அவன் சட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு. ஜோப்புல வெச்சிருந்த உன்ற திருநீத்துப் பொட்டலம் பிரியாம அப்பிடியே இருந்துச்சு. அத மட்டும் பத்தரமாப் பாத்துக்கிட்ட."

எங்கோ ஒரு பெண் விசும்புவது கேட்டது. மருமகன் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா அழவில்லை. "இந்தப் பிள்ளைய உனக்குக் குடுக்கல, கேட்டுக்க. முடியக் குடுக்கறோம், ஆட்டக் குடுக்கறோம். எடுத்துக்க. பிள்ளை எங்களுது. நீ பாத்துக்கிட்டு மட்டும் நில்லு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, எழுந்து வந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் மேளம் அடித்தது.

திருநீறு வாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் காரைத் திறக்கச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ வேணா அங்க போயிக் கறிச்சோறு தின்னு. உனக்குத்தான் எல்லாம் ஒன்னாச்சே" என்றார். நான் தயிர்சாதமே சாப்பிட்டேன்.

தோல் நனைந்த எந்த ஆடும் எப்போதாவது உதறத்தான் செய்யும். எனக்கு அது தெரியும். கருப்பணார் என்பது வழிப்பயணத்தின் அச்சத்துக்கு நம் முன்னோர் கொடுத்த உருவம் என்று என்னால் இரண்டு பக்கம் எழுத முடியும், மறுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் வாசிக்கவும் முடியும். ஆனால் உருவகத்தை யாரும் வீம்புக்காரன் என்று திட்டுவதில்லை. அதன் முன்னால் நின்று என் பிள்ளை எங்கே என்று கேட்பதில்லை. அக்காவுக்குக் கருப்பணார் தவறு செய்யக்கூடிய ஒருவர். அதனாலேயே அவரோடு சண்டை போட முடிந்தது, முறைக்குப் போக முடிந்தது, மறுபடி பேசவும் முடிந்தது. என்னுடைய முகமில்லாத பரம்பொருள் ஒரு தவறும் செய்யாது. அது எதையுமே செய்யாது.

அந்த நாளுக்குப் பிறகு மோகனூர்ச் சாலையில் அக்கா கண்ணாடியை ஏற்றவில்லை. குதிரைத் தலைகள் தெரிந்ததும், "நிக்கறதப் பாரு, ஒன்னுந் தெரியாதவனாட்ட" என்பார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை வந்துவிட்டது, அவ்வளவுதான். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நினைவு கலங்கிவிட்டது. எங்களையெல்லாம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். என்னை எங்கள் அப்பா என்றார், மருமகனை மூத்தவன் பெயரால் அழைத்தார். வலி வந்தபோது செல்லாண்டியம்மனை "ஆத்தா" என்றார், கருப்பணாரை "டேய்" என்றார். அந்த இரண்டு பேர் மட்டும் ஒருமுறைகூட அவருக்கு மாறவில்லை.

துக்கம் கழிந்து இந்த வருடம் மறுபடி கோயில் பொங்கல் வைத்தார்கள். மருமகனின் மனைவிதான் பானையை ஏற்றினாள், இனி வீட்டுக்கு மூத்தவள் அவள். கிடாயின் மேல் முதல் குடம் தண்ணீர் விழுந்ததுமே துளுக்கிவிட்டது. சாமி மனம் குளிர்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் யாரோ ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்காமல் விட்டதுபோல் இருந்தது. கூட்டம் பந்திக்குப் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். கருப்பணாரின் முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. எங்கள் அக்காவை எங்கே விட்டீர்கள்? அல்லது, விட்டாய்? அக்கா 'நீ' என்றது சண்டை போட்டுச் சம்பாதித்த உரிமை. அந்த உரிமை எனக்கு இல்லை. 'நீங்கள்' என்றால் அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. என் பணிக்காலத்தில், பெறுநர் யார் என்று எழுதாத மனுக்கள் நிறைய வந்திருக்கின்றன. உள்ளே எவ்வளவு பெரிய துயரம் எழுதியிருந்தாலும் அவற்றை நான் வாங்கியதில்லை, யாருக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மாமா, எல போட்டாச்சு, வாங்க" என்று மருமகன் அழைத்தான்.

வாரேன் என்று சொல்லிவிட்டு, அந்த முகத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.